ஓர் எழுத்தில் வெளிப்பட்ட பொய்: வழக்குரைஞர் சார்லஸ் ரஸ்ஸலின் வாழ்க்கை

கோர்ட்டுப் படி ஏறாமல் காலத்தைக் கழிக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் துஆ செய்வதைக் கேட்டிருக்கிறோம். அதிலும் சாட்சி சொல்லப் போவதென்றால் பலருக்கும் நடுக்கம்தான். எதிர்க்கட்சி வக்கீல் ஏதாவது கேட்டு மடக்கிவிடுவார், நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திவிடுவார் என்ற அச்சம். அந்த அச்சத்தாலேயே உண்மை தெரிந்தவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். பொய் சொல்லத் துணிந்தவர்களுக்கு அது வசதியாகிவிடுகிறது.

எதிர்த்தரப்பு வக்கீல் சாட்சியிடம் கேள்வி கேட்பதைக் குறுக்கு விசாரணை என்கிறோம். அது எதற்காக இருக்கிறது, ஒழுங்காகச் செய்தால் என்ன நன்மை, அதனால் முடியாதது எது என்பதையெல்லாம் ஒருவருடைய வாழ்க்கையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். அவர்தான் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெயர் பெற்ற வழக்குரைஞர் சார்லஸ் ரஸ்ஸல். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். மற்றவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது.

சிறுபான்மை வீட்டுப் பிள்ளை

ரஸ்ஸல் 1832 நவம்பர் 10 அன்று அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள நியூரி என்ற ஊரில் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம். அன்றைய பிரிட்டனில் ஆட்சியும் அதிகாரமும் புராட்டஸ்டன்டுகளின் கையில் இருந்தன. கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் உட்காரலாம் என்று சட்டம் வந்ததே 1829இல்தான். ரஸ்ஸல் பிறப்பதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன்பு! சட்டம் மாறிவிட்டாலும் சந்தேகப் பார்வை மாறவில்லை.

மார்க்கப் பற்று மிகுந்த வீடு. அவருடைய மூன்று சகோதரிகள் கன்னியாஸ்திரீகள் ஆனார்கள். தம்பி ஏசு சபைப் பாதிரியார் ஆனார். ரஸ்ஸலோ சட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். 1854இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கட்சிக்காரர்களின் வழக்குகளைத் தயார் செய்து கொடுக்கும் சொலிசிட்டராகத் தொழிலைத் தொடங்கினார். உயர் நீதிமன்றங்களில் எழுந்து நின்று வாதாட வேண்டும் என்ற ஆசையில் லண்டன் போய்ப் படித்து, 1859இல் பாரிஸ்டர் ஆனார். லிவர்பூல் பக்கத்து வணிக வழக்குகளில் உழைத்து முன்னேறினார். 1872இல் மகாராணியின் வழக்குரைஞர் என்ற மூத்த தகுதி கிடைத்தது. 1880இல் நாடாளுமன்ற உறுப்பினர், 1886இல் இங்கிலாந்தின் அட்டர்னி ஜெனரல். மதச் சீர்திருத்தக் காலத்துக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்த முதல் கத்தோலிக்கர் அவர்தான்.

தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு அவர் மேலே வரவில்லை. அயர்லாந்துக்குத் தன்னாட்சி வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். தொழிலில் யாரும் குறை சொல்ல முடியாதபடி உழைத்தார். சக வக்கீல்களிடம் கடுகடுப்பாக நடந்துகொள்வார் என்ற குறை அவர்மீது உண்டு. ஆனால் சாட்சிக் கூண்டில் நிற்பவரை அவர் பார்க்கும் பார்வையையும், கேள்விகளை அடுக்கும் முறையையும் பார்க்க ஆட்கள் கூடுவார்கள்.

பத்திரிகையில் வந்த கடிதம்

அந்தக் காலத்தில் அயர்லாந்து மக்களின் தலைவராக இருந்தவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னல். அவர் புராட்டஸ்டன்டு. ஆனாலும் கத்தோலிக்க விவசாயிகள் அவரைத் தங்கள் தலைவராக ஏற்றிருந்தார்கள். 1882 மே 6 அன்று டப்ளின் நகரின் ஃபீனிக்ஸ் பூங்காவில் பிரிட்டிஷ் அரசின் இரண்டு உயர் அதிகாரிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். பார்னல் அந்தக் கொலையை வெளிப்படையாகக் கண்டித்தார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1887 ஏப்ரல் 18 அன்று, லண்டன் டைம்ஸ் பத்திரிகை ஒரு கடிதத்தின் நகலைப் படமாக வெளியிட்டது. கீழே பார்னலின் கையெழுத்து. தான் கண்டித்தது வெளிவேஷம், கொல்லப்பட்ட அதிகாரிகளில் ஒருவருக்கு அது தகுந்த கூலிதான் என்ற பொருளில் அந்தக் கடிதம் இருந்தது. பார்னல் அது போலி என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார். யாரும் நம்பத் தயாராக இல்லை. உலகத்திலேயே மதிப்பு மிக்க பத்திரிகை பொய்யா வெளியிடும் என்று கேட்டார்கள்.

ஒரு மனிதர்மீது மட்டும் விழுந்த பழியாக அது நிற்கவில்லை. அயர்லாந்துக்காரன் என்றாலே கொலைகாரனுக்கு ஒத்துழைப்பவன் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. அச்சில் வந்த ஒரு செய்தியால் ஒரு சமுதாயமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1888இல் அரசு மூன்று நீதிபதிகள் கொண்ட விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தது. டைம்ஸ் தரப்பில் அன்றைய அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் வெப்ஸ்டர் வாதாடினார். பார்னல் தரப்பில் நின்றவர் ரஸ்ஸல். அதற்கு முன் டைம்ஸ் பத்திரிகை தன் வழக்குகளுக்காக ரஸ்ஸலுக்கு நிரந்தரமாக ஒப்பந்தப் பணம் கொடுத்து வைத்திருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் இந்த வழக்கை எடுத்தார். அவருக்கு உதவியாக இருந்த இளம் வக்கீல் ஆஸ்க்வித், பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமரானார்.

சாட்சிக் கூண்டில் பிகட்

அந்தக் கடிதங்களை டைம்ஸுக்கு ஒரு தரகர் வழியாக விற்றவர் ரிச்சர்ட் பிகட் என்ற டப்ளின் பத்திரிகையாளர். ஒரு காலத்தில் அயர்லாந்து தேசியவாதப் பத்திரிகைகளை நடத்தியவர். பிறகு கடன்பட்டு, இரண்டு பக்கமும் பணம் கேட்டுக் கடிதம் எழுதிப் பிழைப்பு நடத்தியவர். 1889 பிப்ரவரியில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். தன் தரப்பு வக்கீல் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சரளமாகப் பதில் சொன்னார். கடிதங்கள் தன் கைக்கு வந்த கதையையும் சொன்னார். பிப்ரவரி 21 அன்று ரஸ்ஸல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

கோபமான முதல் கேள்வியை எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ ஒரு வெள்ளைத் தாளைப் பிகட்டிடம் கொடுத்து, சில சொற்களை எழுதித் தரும்படி பணிவாகக் கேட்டார். ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்லப் பிகட் எழுதினார். தன் பெயரையும் எழுதினார். முடிந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில், மறந்துபோனது நினைவுக்கு வந்ததுபோல, இன்னொரு சொல்லையும் எழுதச் சொன்னார் ரஸ்ஸல். தயக்கம் என்ற பொருள் தரும் ஹெசிடன்ஸி என்ற ஆங்கிலச் சொல். முதல் எழுத்தைச் சிறிய எழுத்தாகப் போடும்படியும் சேர்த்துச் சொன்னார். பிகட்டின் கவனம் முதல் எழுத்தில் போனது. ரஸ்ஸலுக்கு வேண்டியது அந்தச் சொல்லின் நடுவில் இருந்தது. ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து வர வேண்டிய இடத்தில் பிகட் ‘ஈ’ போட்டு எழுதினார்.

போலிக் கடிதங்களில் ஒன்றில் அதே சொல் அதே பிழையோடு இருந்தது. பார்னலின் பழைய தோழர் பேட்ரிக் ஈகன் அப்போது அமெரிக்காவில் இருந்தார். பிகட் தனக்கு எழுதிய பழைய கடிதங்களை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றிலும் அதே பிழை இருப்பதைக் கண்டு லண்டனுக்குத் தெரியப்படுத்தியிருந்தார். ஆக, கேள்வி கேட்க எழுவதற்கு முன்பே ரஸ்ஸலுக்கு விடை தெரியும். அதைச் சாட்சியின் கையாலேயே எழுத வைத்தார். அந்த நேரத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தாளை வாங்கி வைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

அடுத்த விஷயம் இன்னும் ஆழமானது. பார்னலைத் தாக்கி டைம்ஸ் எழுதிய தொடர் கட்டுரை 1887 மார்ச் 7 அன்று தொடங்கியது. அப்படி ஒன்று வரப்போகிறது என்பது முன்கூட்டியே தெரியுமா என்று ரஸ்ஸல் கேட்டார். தெரியவே தெரியாது என்றார் பிகட். அந்தப் பதிலை அவர் உறுதியாகச் சொல்லும் வரை ரஸ்ஸல் பொறுத்திருந்தார். பிறகு ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். மார்ச் 4 தேதியிட்டு, டப்ளின் பேராயர் வால்ஷுக்குப் பிகட் தன் கைப்பட எழுதிய கடிதம். பார்னலையும் அவருடைய கட்சியையும் அழிக்க ஏற்பாடு நடக்கிறது, அதைத் தடுக்கும் வழி தனக்குத் தெரியும் என்று அதில் எழுதியிருந்தார். மூன்று நாள் முன்னதாக அவருக்கு எப்படித் தெரிந்தது? கடிதங்கள் உண்மையானவை என்றால் அவற்றின் வேகத்தைத் தடுக்கும் வழி இவரிடம் எப்படி இருந்தது? பிகட்டுக்குப் பதில் வரவில்லை. வியர்த்துப் போனார். நினைவில்லை என்றார், வேறு எதையோ சொன்னதாகச் சொன்னார், முன்னுக்குப் பின் முரண்பட்டார்.

மறுநாளும் கேள்விகள் தொடர்ந்தன. முன்னாள் அமைச்சர் ஃபார்ஸ்டரிடம் கெஞ்சியும் மிரட்டியும் பணம் கேட்ட கடிதங்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டன. அரங்கமே சிரித்தது. அடுத்த அமர்வு பிப்ரவரி 26 செவ்வாய்க்கிழமை. பிகட்டின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆள் வரவில்லை. இடையில் சனிக்கிழமை அன்றே லாபூஷேர் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் வீட்டுக்குப் போய், கடிதங்களைத் தானே போலியாகத் தயாரித்ததாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தார். பிறகு ஸ்பெயின் நாட்டுக்கு ஓடினார். மார்ச் 1 அன்று மாட்ரிட் நகர விடுதியில் போலீசார் தேடி வந்தபோது தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

அந்த முடிவில் மகிழ்ச்சி அடைய ஒன்றுமில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். வறுமையும் கடனும் ஒருவனைப் பொய்க்கு விலைபேச வைத்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது ஒரு சான்று. பணம் கொடுத்து அந்தக் கடிதங்களை வாங்கியவர்கள், அவை எங்கிருந்து வந்தன என்று துருவிக் கேட்டிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

டைம்ஸ் கடிதங்களைத் திரும்பப் பெற்றது. பார்னல் தொடுத்த அவதூறு வழக்கில் 5,000 பவுண்டு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஏப்ரல் மாதம் ரஸ்ஸல் அயர்லாந்து விவசாயிகளின் துயரத்தை எடுத்துச் சொல்லிப் பல நாள் தொடர்ந்து உரையாற்றினார். 128 அமர்வுகள், 400-க்கும் மேற்பட்ட சாட்சிகள். 1890இல் வந்த ஆணைய அறிக்கை, கடிதங்கள் போலி என்று உறுதி செய்தது. விவசாயிகள் இயக்கத்தின் சில செயல்களைக் குறையும் கூறியது. ஆனால் மக்கள் மனதில் நின்றது அந்த ஓர் எழுத்துதான்.

தோற்ற வழக்கு

இதே 1889ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரஸ்ஸல் ஒரு வழக்கில் தோற்றார். வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி வாழ்க்கைதான்.

லிவர்பூல் பருத்தி வியாபாரி ஜேம்ஸ் மேப்ரிக் அந்த ஆண்டு மே மாதம் இறந்தார். அமெரிக்காவில் பிறந்த அவருடைய மனைவி ஃபுளோரன்ஸ் ஆர்சனிக் நஞ்சு கொடுத்துக் கொன்றதாக வழக்கு. அவருக்கு வேறோர் ஆணோடு தொடர்பு இருந்ததும் வெளியே வந்துவிட்டது. ரஸ்ஸல் அவருக்காக வாதாடினார். இறந்தவருக்கே ஆர்சனிக் கலந்த மருந்துகளை உட்கொள்ளும் பழக்கம் இருந்ததைச் சாட்சிகள் மூலம் கொண்டுவந்தார். சிகிச்சை செய்த மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்தபோது, நஞ்சு என்று பிறர் சொல்லாமல் இருந்திருந்தால், குடல் நோயால் இறந்ததாகவே சான்றிதழ் கொடுத்திருப்பேன் என்ற அளவுக்கு ஒப்புக்கொள்ள வைத்தார்.

ஆனாலும் ஜூரிகள் ஒரு மணி நேரத்துக்குள் குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். நீதிபதி தன் தொகுப்புரையில் அந்தப் பெண்ணின் நடத்தையைப் பற்றி மிகுதியாகப் பேசியிருந்தார். நடத்தை தவறியவள் என்பதிலிருந்து கொலை செய்தவள் என்ற முடிவுக்கு ஜூரிகள் எளிதில் போய்விட்டார்கள் என்று அந்த வழக்கைப் படித்த பலர் கருதுகிறார்கள். அன்றைய சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது. அந்த உரிமை வந்தது 1898இல். குற்ற வழக்குகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் வந்தது 1907இல். மக்கள் எதிர்ப்பால் தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையாக மாறியது. அந்தப் பெண் 1904 வரை சிறையில் இருந்தார். ரஸ்ஸல் பெரிய பதவிக்கு வந்த பிறகும் அந்த வழக்கை மறக்கவில்லை. அவருடைய விடுதலைக்காக உள்துறை அமைச்சர்களிடம் தொடர்ந்து வலியுறுத்தினார். அதைப் பார்க்காமலே இறந்துபோனார்.

பொய்ச் சாட்சியைக் குறுக்கு விசாரணை உடைக்கும். தீர்ப்புச் சொல்பவர்களின் மனதில் முன்பே படிந்த வெறுப்பை அதனால் உடைக்க முடியாமல் போகலாம்.

அந்த வழக்கின் நீதிபதி யார் தெரியுமா? ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். வைஸ்ராயின் சபையில் சட்ட உறுப்பினராக இந்தியாவில் பணியாற்றி, 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தை எழுதியவர். நம் நாட்டு நீதிமன்றங்களில் ஒன்றரை நூற்றாண்டாக சாட்சிகளை விசாரித்த முறை அவர் வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. விசாரணை முறையின் அடிப்படை அப்படியேதான் தொடர்கிறது. முதலில் அழைத்த தரப்பு வக்கீல் கேட்பார். அது முதல் விசாரணை. அதில் பதிலை வாயில் ஊட்டும் கேள்விகளைப் பொதுவாகக் கேட்கக் கூடாது. அடுத்து எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது குறுக்கு விசாரணை. அதில் அப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்கலாம். சாட்சி முன்பு எழுதியதைக் காட்டி முரண்பாட்டைக் கேட்கலாம், பேராயருக்கு எழுதிய கடிதத்தை ரஸ்ஸல் காட்டியது போல. கடைசியாக, எழுந்த குழப்பத்தைத் தெளிவாக்க மறு விசாரணை. இழிவுபடுத்துவதற்காகவே கேட்கும் கேள்வியைத் தடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

நீதிபதி இருக்கையில்

1893இல் பேரிங் கடல் தொடர்பாக அமெரிக்காவோடு எழுந்த சர்வதேச வழக்கில் பிரிட்டனுக்காகப் பாரிஸ் நகரில் ரஸ்ஸல் வாதாடினார். அப்போது அவரோடு சேர்ந்து வாதாடியவர் பார்னல் வழக்கில் எதிரே நின்ற அதே வெப்ஸ்டர். வழக்கில் எதிர்த்தரப்பு என்பது வாழ்நாள் பகை ஆக வேண்டியதில்லை என்பதை இருவரும் காட்டினார்கள். 1894இல் ரஸ்ஸல் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி ஆனார். நூற்றாண்டுகளுக்குப் பிறகு அந்த இருக்கையில் அமர்ந்த முதல் கத்தோலிக்கர்.

1896இல் தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் அரசின் மீது படையெடுத்த ஜேம்சனும் அவருடைய கூட்டாளிகளும் அவர் முன் நிறுத்தப்பட்டார்கள. லண்டன் மக்கள் அவர்களை வீரர்களாகக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ரஸ்ஸல் அந்த ஆரவாரத்துக்கு வளையவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஜூரிகளுக்கு ஐயமில்லாமல் விளக்கினார். தண்டனை கிடைத்தது. வியாபாரத்தில் மறைவாகக் கைமாறும் கமிஷன் பணத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவரவும் பாடுபட்டார். அது அவருடைய காலத்துக்குப் பிறகு 1906இல் சட்டமானது. 1900 ஆகஸ்ட் 10 அன்று தம் 67ஆம் வயதில் இறந்தார். அவருக்குப் பின் தலைமை நீதிபதி ஆனவர் வெப்ஸ்டர்.

நமக்கு இதில் என்ன?

மதரசாவில் ஃபிக்ஹ் கிதாபுகளில் ஷஹாதத் பாடத்தை நாம் ஓதியிருக்கிறோம். அங்கே சாட்சியின் நம்பகத்தைக் காழி விசாரிப்பார். சாட்சியிடம் குறை இருந்தால் எதிர்வாதி எடுத்துச் சொல்லலாம். ஆங்கிலேயர் முறையில் அந்த வேலையின் பெரும்பகுதி எதிர்த்தரப்பு வக்கீலின் பொறுப்பு. வழி வேறாக இருந்தாலும் இரண்டுக்கும் அடியில் உள்ள எண்ணம் ஒன்றுதான். ஒருவர் சத்தியம் செய்துவிட்டார் என்பதற்காக மட்டும் அவர் பேச்சை வைத்து இன்னொருவரின் உயிரையும் மானத்தையும் பறித்துவிடக் கூடாது. பொய்ச்சாட்சி பெரும் பாவங்களில் ஒன்று என்பதையும், தெரிந்த சாட்சியை மறைப்பதும் குற்றமே என்பதையும் நம் பிள்ளைகள் சிறுவயதிலேயே அறிந்திருக்கிறார்கள்.

ஆகவே நம் வீட்டில் யாருக்காவது சம்மன் வந்தால் பயந்து ஒளிய வேண்டாம். பார்த்ததைப் பார்த்தபடி, கேட்டதைக் கேட்டபடி சொன்னால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது தோல்வி ஆகாது. எதிர்த்தரப்பு வக்கீல் திருப்பித் திருப்பிக் கேட்பது அவருடைய கடமை. அதற்குக் கோபப்பட வேண்டியதில்லை. கேள்வி புரியவில்லை என்றால் மறுபடி கேட்கச் சொல்லலாம். உண்மையோடு நிற்பவர் எதையும் நினைவில் கட்டிவைத்துக்கொள்ளத் தேவையில்லை. பிகட் திணறியது, முதல் நாள் சொன்ன பொய்யை மறுநாளும் காப்பாற்ற வேண்டியிருந்ததால்தான்.

இன்னொன்றும் உண்டு. பார்னலைக் காப்பாற்றியது ஆவேசப் பேச்சு இல்லை. பழைய கடிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரு தோழரும், அவற்றைப் பொறுமையாகப் படித்து, எந்தக் கேள்வியை எப்போது கேட்பது என்று கணக்கிட்ட ஒரு வக்கீலும்தான். நம்மீது அவதூறு வரும்போது சத்தம் போட நம்மிடம் ஆட்கள் குறைவில்லை. ஆவணங்களைத் தேதி வாரியாகச் சேர்த்து வைப்பவர்களும், நீதிமன்றத்தில் நின்று நிதானமாகக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்களும் நமக்கு இன்னும் அதிகமாக வேண்டும். நம் ஆண் பிள்ளைகளோ பெண் பிள்ளைகளோ, சட்டம் படிக்க ஆசைப்பட்டால் வாய்ச் சண்டைக்காரர் தொழில் என்று தட்டிக் கழிக்காமல் அனுப்பி வைப்போம். ரஸ்ஸல் தம் சொந்த மக்களுக்காக வாதாடியவர். பிறகு தம் நாடே கொண்டாடியவர்களுக்கும் நியாயப்படி தண்டனை கொடுத்தவர். இரண்டையும் செய்யத் துணிந்தவர்களாக அவர்கள் வளரட்டும்.